பல் அடைப்பும் நனைந்த உப்பும்

சில்லுக்கருப்பட்டியைக் கடித்தபோது கடைவாயில் டொக்கென்றது. கருப்பட்டியில் கல் கிடக்கிறது என்று நினைத்துத் துப்பிப் பார்த்தால், ஏழு மாதத்துக்கு முன்னால் அடைத்த பல்லின் அடைப்பு. அடைத்தவள் என் அக்கா மகள். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பல் கிளினிக் நடத்துகிறாள். துண்டைத் தாளில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உங்களுக்கு மட்டும் இல்ல மாமா. இது நாலாவது" என்றாள். முகம் வாடிப்போயிருந்தது.

விசாரித்ததில், அந்த நாலு பேருக்கும் அடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் இரண்டு காரியம் செய்திருந்தாள். வயர் வைத்த பழைய நீல லைட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சார்ஜ் போடும் புது லைட் வாங்கினாள். சிரிஞ்சு 2,200 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்த காம்போசிட் என்ற அடைப்புப் பொருளை விட்டு 900 ரூபாய்க்குக் கிடைத்த வேறொன்றுக்கு மாறினாள். கோளாறு லைட்டிலா, காம்போசிட்டிலா? பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்ற தைரியத்தில், "நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டேன். அது ஐப்பசி ஆரம்பம். பதில் கிடைத்தது தை கடைசியில். நடுவில் ஒருமுறை தப்பான ஆளைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன்.

முதலில் லைட். பல் அடைக்கும் காம்போசிட் களிமண் பதத்தில் இருக்கும். நீல வெளிச்சம் காட்டினால் இறுகும். பெரும்பாலானவற்றில் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்வது கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் பொருள். அது 470 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தைத்தான் அதிகமாக விழுங்கும். புது லைட்டின் நீலம் வேறு பக்கம் விலகியிருந்தால் எவ்வளவு நேரம் காட்டினாலும் பலன் குறைவு. ஆக, நிறத்தை அளக்க ஒரு கருவி வேண்டும்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, பழைய வெப்கேம், ஒரு டிவிடி, இரண்டு சவர பிளேடு, கறுப்புச் சார்ட் தாள். இவ்வளவுதான் கருவி. முதலில் டிவிடிக்குப் பதில் சிடியைத்தான் வெட்டி வைத்தேன், வீட்டில் கிடந்ததால். தட்டில் உள்ள நுண்வரிகள்தான் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும்; வரிகள் நெருங்க நெருங்க நிறங்கள் அதிகம் விரியும். சிடியின் வரிகளுக்கு இடையே 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74 மைக்ரான்தான். சிடியில் வானவில் ஒரு ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. டிவிடிக்கு மாறியதும் படத்தின் அகலம் முழுக்க விரிந்தது. எழுதக்கூடிய வெற்று டிவிடி 20 ரூபாய். விளிம்பில் பிளேடு நுனியை நுழைத்து நெம்பினால் இரண்டு தட்டாகப் பிரிந்துவிடும். வெள்ளிப் பூச்சு ஒரு தட்டோடு போக, மற்றதில் ஊதாச் சாயம் மட்டும் நிற்கும். கிளினிக் ஸ்பிரிட்டை ஊற்றிக் கழுவினால் சாயமும் போய், கண்ணாடி மாதிரித் தெளிந்த தட்டு கிடைக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி வெப்கேமின் மூக்கில் ஒட்டி, கேமராவை ஏறத்தாழ 45 டிகிரி திருப்பி வைத்தேன். கையால் தொட்ட துண்டு வீண். ரேகை பட்ட இடமெல்லாம் மங்கல். மூன்றாவது துண்டில்தான் ஒழுங்காக வந்தது.

வெளிச்சம் நுழையும் பிளவுதான் படுத்தியது. இரண்டு பிளேடு முனைகளைக் கண் மதிப்பில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டினேன். சி.எஃப்.எல். பல்பைக் காட்டினால் மெல்லிய கோடுகள் வரவேண்டிய இடத்தில் வேட்டிக் கரை மாதிரிப் பட்டை பட்டையாக வந்தது. அப்புறம், ஜெராக்ஸ் தாள் ஒன்றை இரண்டு பிளேடுகளுக்கும் நடுவில் கொடுத்து நெருக்கி ஒட்டிவிட்டுத் தாளை உருவினேன். தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கோடுகள் கூர்மையாகிவிட்டன.

அளவு குறிக்க அந்த சி.எஃப்.எல். பல்புதான். அதற்குள் இருக்கும் பாதரசம் 435.8, 546.1 நானோமீட்டரில் கோடு போடும். அதை யாராலும் மாற்ற முடியாது. பரணில் ஒன்று கிடந்தது. எல்.இ.டி. வந்தபிறகு தூக்கிப் போட்டிருந்தால் வருந்தியிருப்பேன். ஊதாநீலக் கோடு என் படத்தில் 212ஆம் பிக்சலில் விழுந்தது, பச்சை 498இல். 110.3 நானோமீட்டருக்கு 286 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 0.386. சிவப்பு பக்கம் 611இல் வரவேண்டிய கோடு 4 நானோமீட்டர் தள்ளி வந்தது. எனக்கு நீலம் மட்டும் போதும் என்பதால் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை.

பல் லைட்டை நேராகப் பிளவில் காட்டினால் படம் வெளிறிப் போய், உச்சி அரிவாளால் சீவியது மாதிரித் தட்டையாக நின்றது. அதனால் மரக்கட்டையில் லைட் அசையாமல் உட்கார ஒரு பள்ளம் செதுக்கி, வெள்ளைத் தாளில் வெளிச்சத்தை அடித்து, அதிலிருந்து சிதறுவதை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்த பெட்டியால் பிடித்தேன். வெப்கேமின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அது சின்ன வெளிச்சத்தையும் பெரிய வெளிச்சத்தையும் ஒன்றாக்கிக் காட்டும். ஆரஞ்சுக் கண்ணாடி போடாமல் இந்த லைட்டோடு விளையாடக் கூடாது. எனக்கு முதல் நாள் அரைமணி நேரம் கண்ணுக்குள் மஞ்சள் பூ பூத்தது.

பழைய லைட்டின் உச்சி 467. புது லைட்டின் உச்சி 463. அகலம் இரண்டுக்கும் 25 நானோமீட்டர் போல. கேம்ஃபர்குவினோனுக்கு இரண்டுமே பொருத்தம்தான். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்க வசதியாக, இரண்டின் உச்சியையும் 1 என்று வைத்து வரைந்தேன். படம் அழகாக வந்தது. "லைட்டில் குறையில்லை" என்று எழுதி வாட்ஸப்பில் அனுப்பியும் விட்டேன்.

சரி, அப்படியானால் காம்போசிட். அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கேட்க எஃப்.டி.ஐ.ஆர். என்ற அகச்சிவப்பு நிறமாலைமானி வேண்டும், செருப்புப் பெட்டியில் அதைக் கட்ட முடியாது. ஊருக்கு வெளியே ஒரு கல்வி நிறுவனத்தில் வெளியாட்களுக்கும் சாம்பிளுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறார்கள். கருவி அறையில் இருக்கும் தம்பி என்னிடம் படித்தவர் இல்லை. ஆனாலும் சார் சார் என்று உதவினார்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் 2 மில்லிமீட்டர் டெஃப்லான் தகட்டில் 6 மில்லிமீட்டர் விட்டத்தில் ஆறு துளை போட்டு வாங்கினேன். தகடும் கூலியும் 350 ரூபாய். "இதுல என்ன சார் செய்யப் போறீங்க, பணியாரமா?" என்றார். செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். துளையில் காம்போசிட்டை அழுத்தி நிரப்பி, மேலும் கீழும் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வைத்து, புது லைட்டை மேலே ஒட்ட வைத்து 20 விநாடி. பட்டை ஏன் என்றால், காற்று பட்டால் மேல்தோல் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். இறுகி வந்த வில்லைகளை ஒரு நாள் இருட்டில் வைத்துவிட்டு மறுநாள் தூளாகச் சுரண்டினேன்.

சுரண்டுவது லேசான வேலை இல்லை. காம்போசிட்டின் எடையில் முக்கால்வாசி கண்ணாடித் தூள். அறுவை பிளேடு ஒரு வில்லைக்கு ஒன்று மழுங்கிவிடும். அரம் போட்டுப் பார்த்தேன், தூளோடு இரும்பும் கறுப்பாக வந்தது. நூறு பிளேடு பெட்டி 400 ரூபாய்க்கு வாங்கினேன், முப்பத்தொன்று செலவு.

தூள் 2 மில்லிகிராம், பொட்டாசியம் புரோமைடு 200 மில்லிகிராம், அகேட் கல்லில் அரைத்து, 13 மில்லிமீட்டர் அச்சில் போட்டு அழுத்தி மாத்திரை. அதன் வழியாக அகச்சிவப்பை விட்டு, அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) 1638இலும் 1608இலும் உள்ள இரண்டு சிகரங்களின் உயரத்தைப் பார்க்க வேண்டும். 1638 என்பது இன்னும் பிணையாமல் மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்பு. இறுக இறுகக் குறையும். 1608 பென்சீன் வளையத்தினுடையது. அது எங்கும் போகாது. 1962இல் போவன் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசின் இருக்கிற காம்போசிட் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு ஓடும். வளையம் இல்லாத பிசினுக்கு ஓடாது, ஆகவே வாங்குமுன் டப்பாவைப் படித்துக்கொள்வது நல்லது.

இறுகாத காம்போசிட்டை வெறும் மாத்திரை மேல் மெல்லப் பூசி எடுத்ததில் 1638க்கும் 1608க்கும் விகிதம் 1.62. இறுகியதில் 1.31. அதாவது இரட்டைப் பிணைப்பில் 81 சதவீதம் அப்படியே மிச்சம்; இறுகிய அளவு வெறும் 19 சதவீதம். நல்ல அடைப்பு 50க்கும் 70க்கும் நடுவில் நிற்கும். ஆறு மாத்திரையும் 15லிருந்து 24க்குள்தான். குதித்தேன். அக்கா மகளுக்குப் போன் போட்டு, "காம்போசிட்தான். தூக்கிக் குப்பையில் போடு" என்றேன். அவளிடம் பிரிக்காத சிரிஞ்சு ஏழு இருந்தது. 6,300 ரூபாய்.

அவள் போடவில்லை. "மாமா, 19 சதவீதம்னா நகத்தால கீறுனாலே வழிச்சுட்டு வரும். நீங்களே பிளேடு மழுங்குதுன்னு சொல்றீங்க" என்றாள். முப்பது வருஷம் கேள்வி கேட்டுப் பழகியவனுக்கு இது உறைக்காமல் போனதில்தான் வெட்கம்.

மறுபடி கருவி அறைக்குப் போய் முழுப் படத்தையும் திறந்தேன். நான் அதுவரை 1500லிருந்து 1800 வரை மட்டும் வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப் படத்தில் 3400 பக்கம் யானை முதுகு மாதிரி ஒரு மேடு. பார்க்காமல் இல்லை, பிஸ்-ஜிஎம்ஏவிலேயே ஓ.எச். (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்பு உண்டு, அதுதான் என்று முதல் நாளே முடிவு கட்டியிருந்தேன். தம்பி மெதுவாகச் சொன்னார்: "மழைக்காலத்துல இப்படித்தான் சார் வரும். அன்னைக்கே சொன்னேன்." சொல்லித்தான் இருந்தார்.

பொட்டாசியம் புரோமைடு உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நான் அரைத்துக்கொண்டிருந்த வாரம் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி சுற்றி வளைத்துக்கொண்ட வாரம். தண்ணீருக்கு 3400இல் பெரிய மேடு உண்டு. அதோடு 1640ஐ ஒட்டி இன்னொரு மேடும் உண்டு. சரியாக நான் அளக்கும் சிகரத்தின் தலைமேல் வந்து உட்காரும். காம்போசிட்டே போடாமல் வெறும் உப்பை மட்டும் அழுத்தி மாத்திரை போட்டோம். 1635இல் மொட்டு மாதிரி எழும்பி நின்றது. இறுகாத பூச்சில் பிசின் நிறைய இருந்ததால் தண்ணீரின் பங்கு தெரியவில்லை. தூள் மாத்திரையில் இருந்ததோ 2 மில்லிகிராம். அதிலும் பிசின் கால்வாசி. தண்ணீர்தான் பேசியிருக்கிறது.

வெளிச்சம் பொருளில் பட்டு நிறம் மாறிச் சிதறுவதைப் பார்க்கும் ராமன் நிறமாலைமானி கிடைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதில் தண்ணீர் அவ்வளவாகக் குறுக்கே வராது. அதே இரட்டைப் பிணைப்பு 1640இல் தெளிவாகத் தெரியும். 1928இல் ராமனோடு சேர்ந்து அந்தச் சிதறலைக் கண்ட கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், நமக்கு வடக்கே மலையடிவாரத்து ஆள். வெயிலையும் வடிகட்டிகளையும் கண்ணையும் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு உப்பைக் காயவைக்கத் தெரியவில்லை.

அதன்பிறகு முறை மாறியது. உப்பை 110 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய ஜாடியில் ஆறவிட்டோம். அரைக்கும்போது பக்கத்தில் 250 வாட் அகச்சிவப்பு பல்பு எரியும். அச்சையும் சூடாக்கிக்கொண்டோம். தினமும் முதல் மாத்திரை வெறும் உப்பு. 1635இல் ஏதாவது தலைகாட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது. ஜாடியின் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். ஆனால் அந்த நீலம் கோபால்ட்; நச்சு. வீட்டில் செய்கிறவர்கள் தோசைக்கல்லை எடுத்துவிடாதீர்கள். நான் பெயின்ட் டப்பா மூடியில் வைத்து முற்றத்தில் காய்ச்சினேன். மார்கழியில் வானம் வெளுத்ததும் உதவி.

காய்ந்த உப்பில் அதே வில்லைகளின் மேல்பக்கத் தூள்: விகிதம் 0.66, இறுகியது 59 சதவீதம். காம்போசிட்டுக்கு விடுதலை. அக்கா மகளுக்குப் போன் போட்டு மன்னிப்பு மாதிரி ஒன்று கேட்டேன்.

"அப்போ ஏன் மாமா விழுது?"

நியாயமான கேள்வி. வில்லையைத் திருப்பி அடிப்பக்கம் சுரண்டினேன், வெளிச்சம் 2 மில்லிமீட்டர் கடந்து போய்ச் சேரும் பக்கம். 38 சதவீதம். அவளுடைய பழைய காம்போசிட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் புது லைட்டில் வைத்து, அதற்கென்று இறுகாததைத் தனியாக அளந்து கணக்குப் போட்டால் அடிப்பக்கம் 40. அப்புறம் புதுக் காம்போசிட்டைப் பழைய லைட்டில்: அடிப்பக்கம் 53. காம்போசிட் எதுவானாலும் புது லைட்டில் அடி வேகவில்லை.

ஆனால் லைட்டில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தவனே நான்தானே. கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். உச்சியை 1 ஆக்குவதற்கு முந்தைய மூலப் படங்கள். அதே கட்டை, அதே தூரம், அதே கேமரா அமைப்பு. உச்சியின் வெளிச்சம், கேமரா காட்டும் அதிகபட்சமான 255க்குப் பழைய லைட் 210. புது லைட் 96. இரண்டு மாதமாக என் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்த எண்.

கிளினிக்குக்குப் போய் லைட்டின் மூக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். கண்ணாடி முனையில் துவரம்பருப்பு அளவுக்கு இறுகிய காம்போசிட், பழுப்பு நிறத்தில், ஓரமாக இல்லை, நட்டநடுவில். ஒவ்வொரு பல்லுக்கும் துளித் துளியாக ஒட்டி, அதே வெளிச்சத்தில் வெந்து கல்லாகியிருந்தது. பழைய லைட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். புது லைட்டோடு வந்த உறைகள் முதல் மாதமே தீர்ந்துவிட்டன, அதற்கப்புறம் யாரும் வாங்கவில்லை. உதவிக்கு இருக்கும் பெண் தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்பிரிட்டுக்கு இது கரையாது.

பிளேடைப் படுக்கப் பிடித்துச் சுரண்டி எடுத்தோம். கண்ணாடியில் கீறல் விழக்கூடாதே என்று அவள் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். எடுத்தபின் என் பெட்டியில் 188. அவளுடைய தோழி ஒருத்தியிடம் லைட் அளக்கும் மீட்டர் இருந்தது. சுத்தம் செய்யுமுன் அதில் சதுர சென்டிமீட்டருக்கு 430 மில்லிவாட் காட்டியது, பின்பு 910. அந்த மீட்டரை முதல் நாளே இரவல் வாங்கியிருந்தால் பிளேடும் மாத்திரையும் மிச்சம் என்று என் அக்கா சொல்கிறாள். வாஸ்தவம்தான். கடைசியாக ஒரு வில்லை போட்டு அடியைச் சுரண்டி அளந்தேன்: 52.

மொத்தச் செலவு: இருபத்து நான்கு மாத்திரைக்கு 7,200, அதில் முதல் ஆறுக்கான 1,800 தண்ணீரோடு போனது. டெஃப்லான் 350, பிளேடு 400, அட்டைப்பெட்டிச் சாமான்கள் 100. ஆக 8,050. பஸ் காசு தனி.

அடுத்தமுறை மாத்திரையே போடமாட்டேன். வைரப் படிகத்தில் சாம்பிளை அப்படியே அழுத்தி எடுக்கும் ஏ.டி.ஆர். இணைப்பு இருக்கும் இடமாகத் தேடுவேன். உப்பும் இல்லை, அரைப்பதும் இல்லை. அது மேல்தோலில் ஓரிரு மைக்ரான்தான் பார்க்கும், வில்லையின் முகம் வழவழப்பாக இல்லாவிட்டால் சரியாக ஒட்டாது. எனக்கு வேண்டியதோ மேல்முகமும் அடிமுகமும்தான். மைலார் பட்டை வழவழப்பைப் பார்த்துக்கொள்ளும். மாத்திரைதான் கதி என்றால் பங்குனிக்குக் காத்திருப்பேன். 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் அடைக்கலாம் என்று விற்கும் பல்க்-ஃபில் வகையையும் வெட்டிப் பார்க்க ஆசை. அண்ணாச்சியிடம் 4 மில்லிமீட்டர் தகடு சொல்லி வைத்திருக்கிறேன்.

என் பல்லைத் திரும்ப அடைத்தாயிற்று, இரண்டு அடுக்காக, அடுக்குக்கு 20 விநாடி. அவள் காசு வாங்கவில்லை. பதிலுக்கு மாதம் ஒருமுறை லைட்டை என் அட்டைப்பெட்டிக்கு எடுத்து வருகிறாள். போன மாதம் 184. இந்த மாதம் 171. உறை வாங்கினாயா என்று கேட்டேன், நாளைக்கு என்றாள்.